கடலோரக் கட்டடங்களின் ஏசியில் வி.எஃப்.டி.: எங்கே மிச்சம், எங்கே வீண்

புதுச்சேரியில் ஒரு ஓட்டலுக்கோ மருத்துவமனைக்கோ மைய ஏசி அமைக்கும்போது, கத்திரி வெயில் உச்சியில் நிற்கும் ஒரு மதிய வேளையை வைத்துத்தான் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்), பம்ப், ஏ.எச்.யூ. (அந்தத் தண்ணீர் ஓடும் காயில் வழியே காற்றை ஊதும் பெட்டி) எல்லாவற்றின் அளவையும் முடிவு செய்கிறார்கள். வடிவமைப்பாளர் பாதுகாப்புக்காக அதன் மேல் கொஞ்சம் சேர்ப்பார். கேட்ட அளவில் பம்ப் கிடைக்காததால் பட்டியலில் உள்ள அடுத்த பெரிய பம்ப் வந்து சேரும். அத்தனை திறனும் தேவைப்படும் நேரம் ஆண்டில் மிகக் குறைவு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளியே 25 டிகிரிதான் இருக்கும், அறைகளில் பாதி காலியாக இருக்கும். மோட்டார் மட்டும் மே மாதத்தில் ஓடிய அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். உபரியான தண்ணீரை ஒரு வால்வு நெரித்து நிறுத்தும், உபரியான காற்றை ஒரு டேம்பர் (காற்றுக்குழாய்த் தட்டு) தடுக்கும். அந்த நெரிப்பில் வீணாவது காசு கொடுத்து வாங்கிய மின்சாரம்.

வி.எஃப்.டி. என்று நாம் சொல்லும், மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ், இந்த உபரியைத் தொடக்கத்திலேயே உண்டாக்காமல் தடுக்கிறது. உபரியே இல்லாத இடத்திலும், வேகத்தைக் குறைக்கச் சொல்லும் சரியான சிக்னல் இல்லாத இடத்திலும் அதை மாட்டினால் மிச்சம் வராது. டிரைவுக்குள்ளேயே 2 முதல் 4 விழுக்காடு இழப்பு இருப்பதால், எந்நேரமும் 50 ஹெர்ட்ஸில் ஓடும் மோட்டாரில் அது பில்லைச் சற்றே கூட்டவும் செய்யும். டிரைவ் மாட்டியும் பில் குறையாத கட்டடங்களில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று கவனிக்கப்படாமல் விடப்பட்டிருக்கும்.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றும். சுமையோடு ரோட்டார் 1,440 முதல் 1,475 வரை சுற்றும். டிரைவ் உள்ளே வரும் 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தை முதலில் டி.சி.யாக்குகிறது. அந்த டி.சி. பஸ்ஸில் சுமார் 560 வோல்ட் நிற்கும். பிறகு ஐ.ஜி.பி.டி. என்னும் ஸ்விட்சுகள் அதை நொடிக்குப் பல ஆயிரம் முறை துண்டாக்கி, வேண்டிய ஹெர்ட்ஸில் மறுபடியும் ஏ.சி. போல ஆக்கி மோட்டாருக்கு அனுப்புகின்றன. ஹெர்ட்ஸ் குறையும்போது வோல்டேஜும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். 415ஐ 50ஆல் வகுத்தால் ஒரு ஹெர்ட்ஸுக்கு 8.3 வோல்ட். ஹெர்ட்ஸ் குறைந்தும் வோல்டேஜ் குறையாமல் நின்றால் மோட்டாரின் இரும்புப் பகுதி காந்தத்தால் நிறைவடைந்து சூடேறும்.

மின்விசிறியிலும் மையவிலக்குப் பம்பிலும், ஓட்டம் வேகத்தோடு நேர் விகிதத்தில் மாறும். அழுத்தம் வேகத்தின் இருபடியாகவும், மோட்டார் இழுக்கும் திறன் (கிலோவாட்) முப்படியாகவும் மாறும். 40 ஹெர்ட்ஸில் ஓட்டம் 80 விழுக்காடு, திறன் 51 விழுக்காடு. 25 ஹெர்ட்ஸில் ஓட்டம் பாதி, திறன் எட்டில் ஒரு பங்கு. விற்பனைத் தாள்கள் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கின்றன. ஆனால் இந்த முப்படி விதி, எதிர்ப்பு முழுவதும் குழாய் உராய்வாக இருக்கும்போதுதான் அப்படியே பொருந்தும். கட்டடத்துக்குள் மூடிய வளையமாகச் சுற்றும் சில்லர் தண்ணீருக்கு அது பெருமளவு பொருந்தும். சில்லரின் சூட்டை வெளியேற்றும் கூலிங் டவருக்கு நீரேற்றும் கண்டென்சர் பம்ப், டவரின் தொட்டியிலிருந்து மேலே உள்ள தெளிப்பான் வரை தண்ணீரைத் தூக்கியாக வேண்டும். அந்த உயரம் வேகத்தோடு குறையாது. மொட்டை மாடித் தொட்டிக்கு நீரேற்றும் பம்பில் ஏறக்குறைய முழுவதுமே உயரம்தான். அங்கே டிரைவ் போடச் சொல்பவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 11 கிலோவாட் மோட்டார் உள்ள ஒரு ஏ.எச்.யூ., 50 ஹெர்ட்ஸில் 9 கிலோவாட் இழுக்கிறது, ஆண்டுக்கு 4,500 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். டிரைவ் இல்லாமல் 40,500 யூனிட் ஆகும். டிரைவ் வைத்து 1,000 மணி நேரம் முழு வேகம், 2,000 மணி நேரம் 42 ஹெர்ட்ஸ், 1,500 மணி நேரம் 35 ஹெர்ட்ஸ் என்று ஓட்டினால், முப்படிக் கணக்குப்படி சுமார் 24,300 யூனிட்தான் வரும், அதாவது 16,200 யூனிட் மிச்சம். நடைமுறையில் அடுக்கு எண்ணை 3க்குப் பதில் 2.5 என்று எடுப்பதும், டிரைவின் இழப்பைச் சேர்ப்பதும் நேர்மையானது. அப்படிப் பார்த்தால் சுமார் 27,000 யூனிட் ஆகும், மிச்சம் 13,500க்குச் சற்றுக் குறைவு. யூனிட் 7 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 94,000 ரூபாய். இதுவும் நல்ல மிச்சமே. தாளில் காட்டியதை விட ஆறில் ஒரு பங்கு குறைவு என்பதை முதலிலேயே தெரிந்து வாங்குவது நல்லது.

பம்ப் அறையில் முதலில் பார்க்க வேண்டியது

டெலிவரி வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது, பம்பின் இரு பக்க அழுத்தமானிகள் என்ன காட்டுகின்றன என்று பாருங்கள். 28 மீட்டர் ஹெட் (தண்ணீரைத் தூக்கும் உயரமாகச் சொல்லும் அழுத்தம்) தரும் பம்ப், வால்வைத் தாண்டிய பின் கட்டடத்துக்கு 20 மீட்டர் மட்டுமே தருகிறது என்றால், 8 மீட்டர் அந்த வால்விலேயே செத்துப்போகிறது. வால்வை முழுதாகத் திறந்துவிட்டு வேகத்தை 42 முதல் 45 ஹெர்ட்ஸுக்குள் எங்கோ இறக்கினால், அதே ஓட்டம் வரும், திறன் கால் பங்குக்கு மேல் குறையும். இதற்கு சென்சாரோ, அதைப் பார்த்து வேகத்தைத் தானாகத் திருத்தும் பி.ஐ.டி. கட்டுப்பாடோ தேவையில்லை. ஆண்டு முழுவதும் ஒரே ஓட்டம்தான் வேண்டும் என்றால் டிரைவே தேவையில்லை. பம்புக்குள் சுற்றும் சக்கரமான இம்பெல்லரின் விட்டத்தைப் பம்ப் நிறுவனத்தின் வரைபடப்படி கடைந்து குறைத்தால் போதும், அதில் மின்னணு இழப்பும் இல்லை. பெல்ட் ஓட்டும் ஏ.எச்.யூ. ஊதியில் இதே வேலையை ஒரு புல்லி மாற்றம் செய்துவிடும். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற இந்த வேலைகளைச் செய்த பிறகும் மாறும் சுமை மிச்சம் இருந்தால்தான் டிரைவுக்கு வேலை.

மாறும் சுமைக்கு டிரைவ் வைக்கும்போது மூன்று வழி வால்வு பெரிய தடை. பழைய கட்டடங்களில் ஏ.எச்.யூ. காயிலுக்குத் தண்ணீர் வேண்டாதபோது மூன்று வழி வால்வு அதைப் பக்கவாட்டுக் குழாய் வழியே திருப்பி அனுப்பும். மொத்த ஓட்டம் மாறவே மாறாது. அங்கே பம்பில் டிரைவ் மாட்டினால் வேகத்தைக் குறைக்கக் காரணம் எதுவும் பிறக்காது. அந்த வால்வுகளை இரு வழி வால்வாக மாற்ற வேண்டும். பக்கவாட்டுக் குழாயை அடைத்துவிட்டு மூன்று வழி வால்வையே இரு வழியாக ஓட்டுவதும் உண்டு. ஆனால் அதைத் திறந்து மூடும் ஆக்சுவேட்டருக்கு முழு அழுத்தத்தில் மூடும் பலம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பலம் போதாவிட்டால் வால்வு ஒழுகும், காயில் தேவையில்லாமல் குளிரும்.

அடுத்தது டிரைவுக்கு சிக்னல் கொடுக்கும் அழுத்த வேறுபாட்டு சென்சாரின் இடம். வேலை எளிது என்று அதைப் பம்பின் இரு முனைகளிலேயே மாட்டிவிடுகிறார்கள். அப்போது செட்பாயின்ட் (டிரைவ் காக்க வேண்டிய அளவு) முழு ஓட்டத்துக்கு வேண்டிய அழுத்தமாக இருந்தாக வேண்டும். ஓட்டம் பாதியானாலும் அந்த அழுத்தத்தைக் காக்க டிரைவ் வேகத்தைப் பெரிதாகக் குறைக்காது, 45 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாமல் நிற்கும். சென்சாரைக் கடைசி ஏ.எச்.யூ.வின் சப்ளை, ரிட்டர்ன் குழாய்களுக்கு இடையே வைத்தால், அந்தக் காயிலும் வால்வும் கேட்கும் அழுத்தம் மட்டும் போதும். இடையில் உள்ள குழாய் உராய்வு ஓட்டத்தோடு குறைவதால் வேகமும் உண்மையாகவே குறையும். ஒரே டிரைவ், ஒரே பம்ப், சென்சாரின் இடம் மட்டும் வேறு. மிச்சத்தில் பெரும்பகுதி இந்த ஒரு முடிவில் இருக்கிறது. அதற்காக ஐம்பது மீட்டர் சிக்னல் கேபிள் இழுக்கும் செலவைத் தயங்காமல் செய்யுங்கள்.

சில்லருக்கும் ஓர் எல்லை உண்டு. தண்ணீர் குளிரும் பகுதியான எவாப்பரேட்டருக்குள் குறைந்தபட்ச ஓட்டத்துக்குக் கீழே தண்ணீர் போனால் குழாய்க்குள் உறையும் அபாயம், ஃப்ளோ ஸ்விட்ச் ட்ரிப். அந்த எண் சில்லரின் கையேட்டில் இருக்கும். அதைக் காக்க ஓட்டமானியோடு ஒரு பைபாஸ் வால்வு வேண்டும். ஓட்டம் சட்டென்று மாறினால் பழைய சில்லர்களின் கட்டுப்பாடு திணறும். நிமிடத்துக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் மாறாதபடி டிரைவின் ஏற்ற இறக்க நேரத்தை வைத்தால் பாதுகாப்பு.

காற்றின் ஈரம் போடும் கட்டுப்பாடு

டெல்லிக்கோ பெங்களூருக்கோ எழுதப்பட்ட மின்சேமிப்பு அறிவுரை இந்தக் கரையில் அப்படியே செல்லாது. கடலூரிலும் புதுச்சேரியிலும் ஏசி வெப்பத்தை மட்டும் இறக்குவதில்லை, தண்ணீரையும் பிழிந்து எடுக்கிறது. மழைக்கால இரவில் வெளியே 25 டிகிரிதான் என்றாலும் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும். தெர்மோஸ்டாட் வெப்பநிலையை மட்டுமே பார்க்கும். அறை 24 டிகிரி ஆனதும் அது காயில் வால்வை மூடச் சொல்லும், ஈரம் உள்ளேயே தங்கும். சில நாளில் திரைச்சீலை நாறும், மெத்தையில் பூஞ்சை பிடிக்கும்.

இதற்கு விசிறி வேகக் குறைப்பு உதவி செய்யும். வால்வை நெரிக்கும் முன் விசிறியை மெதுவாக்கினால், காற்று குளிர்ந்த காயிலோடு நீண்ட நேரம் உறவாடும், 12, 13 டிகிரியில் வெளிவரும், ஈரம் நன்றாகச் சொட்டும். எனவே ஒரே பகுதிக்குச் சேவை செய்யும் ஏ.எச்.யூ.வில், வெப்பத்தேவை குறையும்போது முதலில் வேகத்தை இறக்கி, அடித்தள வேகத்தை (இதற்குக் கீழே போகக் கூடாது என்று வைக்கும் வேகம்) எட்டிய பின் வால்வை மூட வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக நிரல் செய்திருக்கும் கட்டடங்கள் உண்டு. அங்கே அறை குளிர்ந்தும் பிசுபிசுப்பாக இருக்கும். சேமிப்புக்காகச் சில்லர் தண்ணீரை 7 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு ஏற்றுபவர்களும் இதே சங்கடத்தில் விழுவார்கள். மே மாதப் பகலில் அது தெரியாது, நவம்பரில் தெரியும்.

அடித்தள வேகம் என்று பொதுவாக 25 முதல் 30 ஹெர்ட்ஸ் வைக்கிறார்கள். அதற்கு மூன்று காரணம். மோட்டாரின் பின்னால் உள்ள குளிர்விக்கும் விசிறி அதே தண்டில்தான் சுற்றுகிறது. வேகம் குறைந்தால் அதுவும் குறையும். வெளிக்காற்று குறைந்தால் உள்ளே கரியமில வாயு ஏறும். அறைக்குள் காற்றை விடும் டிஃப்யூசரிலிருந்து காற்று வீச்சோடு பரவாமல் நேரே கீழே விழும். குளிர்ந்த டிஃப்யூசர் விளிம்பில் வியர்வை கட்டி ஃபால்ஸ் சீலிங்கில் கறை விழுவதும் இதனால்தான்.

கட்டடத்தைச் சூடாக்கும் தேவை இங்கே கிடையாது. சூட்டுக்கு இடம் உள்ள ஒரே பெரிய இடம் அறுவை அரங்கு. அங்கே ஈரத்தைப் பிழியக் காற்றை மிகவும் குளிர்வித்துவிட்டு, பிறகு அதைக் கொஞ்சம் சூடாக்கி அனுப்புவார்கள். அறுவை அரங்கில் மணிக்கு 20 முறைக்குக் குறையாமல் காற்று மாற வேண்டும், பக்கத்து அறையை விட அழுத்தம் கூடுதலாக நிற்க வேண்டும். எனவே அங்கே டிரைவின் வேலை வேறு. நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரில் தூசி அடையும்போது எதிர்ப்பு கூடும், காற்றோட்டம் தானாகக் குறையும். ஓட்டத்தை அளக்கும் சென்சாரைப் பார்த்து டிரைவ் வேகத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி அதை நிலையாக வைக்கும். புது ஃபில்டரில் 38 ஹெர்ட்ஸில் தொடங்கிய ஊதி 47ஐத் தொடும்போது ஃபில்டர் மாற்ற நேரம் வந்துவிட்டது என்று அதுவே சொல்லும். இரவில் அரங்கு காலியாக இருக்கையில் நிறுத்திவிடாமல், அழுத்தம் காக்கும் அளவுக்குக் குறைத்து ஓட்டலாம்.

கூலிங் டவரில் இரண்டு செல் (தனித்தனி விசிறியுள்ள பகுதி) இருந்தால் ஒன்றை முழு வேகத்தில் ஓட்டி மற்றதை நிறுத்துவதை விட, இரண்டையும் பாதி வேகத்தில் ஓட்டுவது லாபம். இரண்டும் சேர்ந்து ஒரு விசிறியின் கால் பங்கு திறன்தான் எடுக்கும். டவர் தண்ணீருக்கு எட்டவே முடியாத செட்பாயின்ட் கொடுக்காதீர்கள். கோடையில் ஈரக்குமிழ் வெப்பநிலை (டவரால் தண்ணீரைக் குளிர்விக்க முடிகிற கீழ் எல்லை) 27, 28 டிகிரி நிற்கும் ஊரில் 26 டிகிரித் தண்ணீர் கேட்டால் விசிறி இரவும் பகலும் 50 ஹெர்ட்ஸில் ஓடும். ஈரக்குமிழுக்கு மேல் 3 அல்லது 4 டிகிரி என்று மாறும் செட்பாயின்ட் வைப்பதே பொருந்தும். கியர்பாக்ஸ் உள்ள டவரில், எண்ணெய் தெறித்துப் பற்களை நனைக்கும் குறைந்தபட்ச வேகத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது கெடுவது

உப்புக் காற்றுதான் முதல் எதிரி. 15 கிலோவாட் டிரைவ் 3 விழுக்காடு இழந்தாலும் 450 வாட் வெப்பம் பேனலுக்குள் தேங்கும். அதை வெளியேற்றக் கதவில் விசிறி வைத்தால், வெளியே போகும் சூட்டுக்கு ஈடாக உப்பும் ஈரமும் உள்ளே வரும், சர்க்யூட் போர்டில் படியும், இரவில் ஈரம் பிடித்து மின்சாரம் கசியும். கடலூர் சிப்காட் பக்கம் கந்தக வாயு கலந்த காற்று செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். ஆகவே வாங்கும்போதே பாதுகாப்புப் பூச்சு பூசிய போர்டு, அரிக்கும் வாயுவைத் தாங்கும் 3சி3 என்னும் வகுப்பு என்று ஆர்டரில் எழுதிக் கேளுங்கள். பின்னால் பூச முடியாது. சுவரில் தனியாக நிற்கும் டிரைவ் என்றால் தூசியையும் நீரையும் தடுக்கும் ஐ.பி.55 உறை எடுங்கள். பேனலுக்குள் 50 முதல் 100 வாட் ஹீட்டர் ஒன்று, டிரைவ் ஓடாத நேரத்தில் எரியும்படி இருக்கட்டும். பெரும்பாலான டிரைவ்களின் முழுத்திறன் 40 டிகிரிச் சூழலுக்குச் சொல்லப்பட்டது. மாடி மேல் தகரக் கூரைப் பம்ப் அறையில் மே மாதம் பேனலுக்குள் 50 டிகிரி ஏறும். அங்கே அடுத்த பெரிய அளவு டிரைவ் வேண்டும்.

கேபிள் நீளம் அடுத்தது. டிரைவ் அனுப்பும் மின்துடிப்புகள் நீண்ட கேபிளின் முனையில் பட்டுத் திரும்பும்போது மோட்டார் முனையில் வோல்டேஜ் ஏறக்குறைய இரட்டிப்பாகும், 1,000 வோல்ட்டுக்கு மேல். 50 மீட்டரைத் தாண்டினால் வெளியீட்டில் ஃபில்டர் போடுவது நல்லது. உள்ளூரில் பலமுறை ரீவைண்டிங் ஆன பழைய மோட்டாருக்கு அந்தத் தூரமும் ஆபத்து. புது மோட்டார் வாங்கும்போது டிரைவுக்கு ஏற்ற காப்பு உள்ளதாக வாங்குங்கள். 30 கிலோவாட்டுக்கு மேல் போனால் தண்டில் ஏறும் மின்னழுத்தம் பேரிங் வழியே பொறியாகப் பாய்ந்து, உள்வளையத்தில் வரிவரியாகக் குழி போடும். மோட்டார் ஊளையிடத் தொடங்கும். தண்டுக்கு எர்த்திங் வளையமும், டிரைவிலிருந்து மோட்டார் வரை தொடர்ச்சியான எர்த் கம்பியுள்ள ஷீல்டு கேபிளும் இதைத் தடுக்கும்.

பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டரை டிரைவின் வெளியீட்டுப் பக்கம் ஒருபோதும் விட்டுவைக்கக் கூடாது. பழைய ஸ்டார்ட்டர் பேனலை மாற்றும்போது மோட்டாரோடு கட்டியிருந்த கெப்பாசிட்டர் மறந்துபோய் ஐ.ஜி.பி.டி. வெடிப்பது நடக்கிறது. மெக்கர் (காப்பைச் சோதிக்கும் மீட்டர்) வைப்பதற்கு முன் மோட்டார் கம்பிகளை டிரைவிலிருந்து கழற்றுங்கள், இல்லாவிட்டால் சோதிக்க வந்த வோல்டேஜே டிரைவைக் கொன்றுவிடும். மெயினை அணைத்த பின்னும் உள்ளே 560 வோல்ட் நிற்கும். உறையில் எழுதியிருக்கும் நிமிடங்கள் வரை காத்திருந்து, டி.சி. முனையை அளந்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மின்கசிவு கண்டால் அணையும் 30 மில்லிஆம்ப் ஈ.எல்.சி.பி.யின் கீழ் டிரைவைக் கொடுத்தால் அதன் ஃபில்டர் கசிவுக்கே ட்ரிப் ஆகும்.

டிரைவ் இல்லாமல் மோட்டாரை நேரே மெயினில் ஓட்டும் பைபாஸ் ஸ்டார்ட்டர் வைத்திருந்தால் சுழலும் திசையை இரு முறையும் பாருங்கள். டிரைவ் உள்ளே வரும் கட்ட (ஃபேஸ்) வரிசை எப்படி இருந்தாலும் வெளியீட்டில் தன் வரிசையில்தான் ஓட்டும். அதனால் டிரைவில் சரியாகச் சுற்றும் ஊதி, பைபாஸில் தலைகீழாகச் சுற்றலாம். மையவிலக்கு ஊதி தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் காற்று வரும், அதனால் வாரக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

நிரலில் மோட்டார் தகட்டில் உள்ள வோல்ட், ஆம்ப், சுற்று, காஸ் ஃபை (பவர் ஃபேக்டர்) எல்லாவற்றையும் உள்ளிட்டு, டிரைவே மோட்டாரை அளந்துகொள்ளும் ஆட்டோ ட்யூன் செய்யுங்கள். சுமை வகையை விசிறி, பம்ப் என்று வையுங்கள். ஏறும் நேரம் 30 முதல் 60 விநாடி, இறங்கும் நேரம் அதற்கும் கூடுதல். கனமான ஊதியை அவசரமாக நிறுத்தினால் அது ஜெனரேட்டராகி டி.சி. பஸ்ஸை உயர்த்தி ட்ரிப் செய்யும். காற்றில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் விசிறியை அந்த வேகத்திலேயே பிடித்து ஓட்டும் ஃப்ளையிங் ஸ்டார்ட்டும், மின்சாரம் தடைபட்டு வரும் ஊருக்கு ஆட்டோ ரீஸ்டார்ட்டும் இயக்கப்பட்டிருக்கட்டும். உச்ச வேகத்தை 50 ஹெர்ட்ஸில் பூட்டுங்கள். 55 ஆக்கினால் திறன் 33 விழுக்காடு ஏறும்.

டிரைவ்கள் கூடினால் 5, 7, 11, 13ஆம் ஹார்மோனிக்குகள் (50 ஹெர்ட்ஸின் அத்தனை மடங்கில் வரும் வேண்டாத அலைகள்) பெருகும். அவை பவர் ஃபேக்டரைத் தானாகத் திருத்தும் ஏ.பி.எஃப்.சி. பேனலின் கெப்பாசிட்டர்களோடு ஒத்ததிர்ந்து அவற்றை உப்ப வைக்கும். டி.சி. சோக் உள்ள டிரைவோ, முன்பக்கம் 3 விழுக்காடு லைன் ரியாக்டரோ, கெப்பாசிட்டர்களுக்கு டீட்யூன்டு ரியாக்டரோ போட்டால் இது அடங்கும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறி ஊரையே வெள்ளத்தில் ஆழ்த்தியது. அடித்தளத்தில் டிரைவ் பேனல் வைப்பவர்கள் இந்த இரண்டு நாட்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தரைமட்டத்துக்கு மேல் மேடை கட்டி உயரத்தில் வையுங்கள். உள்ளீட்டில் சர்ஜ் பாதுகாப்பு அவசியம். புயலுக்குப் பின் மின்சாரம் விட்டு விட்டு வரும்போது, வோல்டேஜ் நிலைபெறும் வரை டிரைவின் மெயினை அணைத்தே வையுங்கள். தண்ணீர் ஏறிய டிரைவை வெயிலில் காயவைத்து மறுபடி ஓட்டக் கூடாது. போர்டில் தங்கிய உப்பு அடுத்த ஈர நாளில் ஷார்ட் ஆகும்.

மிச்சத்தை அளக்கும்போது கிளாம்ப் மீட்டரை டிரைவின் உள்ளீட்டில் வையுங்கள். வெளியீட்டின் துண்டான அலையைச் சாதாரண மீட்டர் தவறாகக் காட்டும். மாட்டும் முன் இரண்டு வாரம், மாட்டிய பின் அதே போன்ற வானிலையில் இரண்டு வாரம் யூனிட்டையும், ஓடிய ஹெர்ட்ஸையும், அறையின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் குறித்தால் போதும். யூனிட் குறைந்து ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் ஏறியிருந்தால் அடித்தள வேகத்தையும் வால்வு வரிசையையும் திரும்பப் பார்க்க வேண்டும். ஹெர்ட்ஸ் எந்நேரமும் 48, 49 என்று நின்றால் சென்சாரின் இடத்தையும் செட்பாயின்ட்டையும் பார்க்க வேண்டும். ஸ்டோரில் வைத்திருக்கும் உபரி டிரைவை ஆண்டுக்கு ஒரு முறையாவது மின்சாரம் கொடுத்து எழுப்புங்கள். நீண்ட நாள் சும்மா கிடந்த கெப்பாசிட்டருக்கு ஒரேயடியாக முழு வோல்டேஜ் கொடுத்தால் வெடிக்கலாம் என்பதால், கையேட்டில் சொன்னபடி படிப்படியாக ஏற்றிவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.